மிஷின்ல பாருங்க

கையெழுத்துதானே? போடறேன் போடறேன், எங்கே ஓடிப்போயிடப் போறேன். முதல்ல அந்தப் பையை இறக்கி வைங்கம்மா. தோள்பட்டை எப்படிச் செவந்திருக்கு பாருங்க. அதோ, கதவுக்குப் பக்கத்துல தரை சதுரமா வெளுப்பாத் தெரியுதே, அங்கே வைங்க. ஒண்ணுமில்ல, அங்கே ஒரு பழைய சாமான் வருஷக்கணக்காக் கிடந்துச்சு. போன வாரந்தான் எடுத்துட்டுப் போனாங்க.

வேலைக்குப் புதுசுதானே நீங்க? அதான் பார்த்தவுடனே தெரிஞ்சுது. புதுசா வர்றவங்கதான் பையை ஒரு பக்கமாத் தொங்கவிடுவாங்க. குறுக்கால மாட்டிக்கணும்மா. கிணிகிணி அப்படித்தான் மாட்டிக்குவாரு.

கிணிகிணின்னா, உங்களுக்கு முன்னாடி இந்தத் தெருவுக்குத் தபால் கொண்டு வந்தவரு. தெரு முனையில திரும்பும்போதே சைக்கிள் மணியை அடிக்க ஆரம்பிச்சா, கடைசி வீடு வரைக்கும் நிறுத்தமாட்டாரு. அதனால கிணிகிணி. என் பொண்ணு பள்ளிக்கூடம் போன காலத்துலேருந்து அவருதான். அவருக்குன்னு ஒரு பேரு இருக்குங்கறதே எனக்குப் புகார் எழுதும்போதுதான் தெரிஞ்சுது. கீழ்வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வந்து எழுதினேன்னா பார்த்துக்கோங்க.

ஆமாம்மா. அந்தப் புகார் குடுத்த மகராசி நான்தான். ஏன் அப்படிப் பார்க்கறீங்க? ஆபீஸ்ல சொன்னாங்களா? என்ன சொன்னாங்க, மாடிவீட்டம்மா, வாயாடின்னா? சொல்லட்டும், பொய்யில்லையே.

இந்தக் கடுதாசியும் அதுக்குத்தான் வந்திருக்கு. பிரிக்காமலே சொல்லுவேன். திங்கக்கிழமை பெரிய ஆபீஸுக்கு வந்து சாட்சி சொல்லுங்கன்னு இருக்கும். அதான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கச் சொல்றாங்க. நான் என்ன சொல்றேனோ அதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்களாமே, அப்படியா? சஸ்பெண்டோட விட்டுடுவாங்க இல்ல?

வேலையேவா போயிடும்?

ஐயோ. எனக்கு அது தெரியாதும்மா. நிஜமாத் தெரியாது. வேற தெருவுக்கு மாத்துவாங்க, ரெண்டு மாசம் வீட்டுல உக்கார வெப்பாங்க, அவ்வளவுதான்னு நினைச்சேன்.

சரி, விடுங்க. இருங்க, தண்ணி கொண்டு வரேன். வேண்டாமா? அதுவும் நல்லதுதான். இந்தத் தெருவுல யாரு வீட்டுலயும் தண்ணிகூட வாங்கிக் குடிக்காதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. உங்க ஆபீஸ்ல ஆயிரம் சொல்லிக் குடுத்திருப்பாங்க, பின்கோடு, எடை, மிஷின்ல எப்படி அமுக்கறதுன்னு. இதைச் சொல்லியிருக்க மாட்டாங்க. யாருக்கும் உதவி பண்ணாதீங்க.

சிரிக்காதீங்கம்மா, விளையாட்டுக்குச் சொல்லல. கீழ்வீட்டுல ஒரு நாய் இருக்கு, அது ஒண்ணும் பண்ணாது, உங்களைப் பார்த்துக் குரைக்காது, பையைப் பார்த்துத்தான் குரைக்கும். நாயை நம்பலாம். மனுசங்களை நம்பாதீங்க. மூணாவது வீட்டுல ஒரு கணக்கு வாத்தியார் இருக்காரு. பேங்குலேருந்து ஏதாவது வந்தா, நான் ஊர்ல இல்லைன்னு எழுதிடுங்கன்னு கெஞ்சுவாரு. பார்த்தாப் பாவமா இருக்கும். எழுதாதீங்க. பல் டாக்டர் வீட்டுத் தபாலை, எங்ககிட்ட குடுத்துடுங்க, நாங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணுன்னு பக்கத்து வீட்டுல சொல்லுவாங்க. குடுக்காதீங்க. ரெண்டு வீடும் பேசிக்கறதை நிறுத்தி ஆறு மாசமாச்சு, அது உங்களுக்குத் தெரியாது. நீங்க குடுத்துட்டுப் போயிடுவீங்க, அப்புறம் அடிவாங்கறது யாரு?

படியேறி வாங்க. பெல் அடிங்க. ஆளைப் பாருங்க. கையெழுத்து வாங்குங்க. ஆள் இல்லையா, திரும்ப எடுத்துட்டுப் போங்க. எவ்வளவு நல்லவங்களாத் தெரிஞ்சாலும் சரி. நல்லவங்கதான் மோசம்மா. என்னை மாதிரி.

அவரா? ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கறவரு என் வீட்டுக்காரரு. கும்பிட்டீங்களே, சிரிச்சாரு பார்த்தீங்களா, அவ்வளவுதான். நீங்க பெல் அடிச்சதும் அவருக்குத் தெரியாது, நாம பேசறதும் காதுல விழாது. நீங்க சும்மா சத்தமாவே பேசலாம். ரெண்டு காதும் போச்சு. மிஷின் மாட்டினா நல்லாக் கேக்கும். அதுலேருந்துதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

அந்த மிஷின் ரிப்பேர் ஆயிடுச்சு. கம்பெனிக்கு அனுப்பிச்சோம். சரி பண்ணிட்டோம், தபால்ல வரும்னு போன் பண்ணிச் சொன்னாங்க. வரும் வரும்னு நானும் வாசலையே பார்த்துட்டிருக்கேன். அவரு அப்போ ஒரு மாதிரியா ஆயிட்டாரு. டிவியைப் போட்டுட்டு வாய் அசையறதையே பார்த்துட்டு உக்காந்திருப்பாரு. நான் கத்தினா, ஏன் திட்டறேன்னு கேப்பாரு. சாப்பிட வாங்கன்னு சொல்றதுக்கும் கத்தணும், திட்டறதுக்கும் கத்தணும், அவருக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். நான் யூனிபார்ம் தைக்கிற கம்பெனியில நாள் பூரா காலர் தைச்சுட்டு வரேம்மா, அங்கே மிஷின் சத்தம், இங்கே என் சத்தம். வெறுத்துப் போச்சு.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு உங்க ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, குடுத்தாச்சேம்மா, கையெழுத்துகூட இருக்கேன்னாங்க. காட்டுங்கன்னேன். என் பேரு போட்டிருக்கு, என் கையெழுத்து இல்ல. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. பார்சலைத் தின்னுட்டு என் கையெழுத்தையும் போட்டிருக்கான்னுதானே தோணும்?

மறுநாள் வேலைக்குப் போகாம வாசல்லயே நின்னேன். மணிச் சத்தம் கேட்டுது. நடுத்தெருவுல நிறுத்திக் கேட்டேன், எங்கேய்யா மிஷின்னு. அந்த மனுஷன் கொஞ்சம்கூடப் பதறல. மிஷின்ல பாருங்கம்மான்னாரு.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். மிஷினே வரலைங்கறேன், மிஷின்ல பாருங்கறியே, நக்கலான்னு கேட்டேன். இல்லம்மா, மிஷின் மிஷின்லதான்... அப்படின்னு அவரு இழுக்க, நான் விடல. என் வாய் உங்களுக்குத் தெரியாது. தெருவே கூடிடுச்சு. பல் டாக்டர் வீட்டம்மா மாடியிலேருந்து எட்டிப் பார்த்தா. அவரு சைக்கிளைத் தள்ளிக்கிட்டே போயிட்டாரு. மணி அடிக்கல. அன்னைக்குத்தான் புகார் எழுதினேன்.

என் வீட்டுக்காரரு வேண்டாம்னாரு. அவன் அப்படிப்பட்டவன் இல்ல, வேற ஏதோ இருக்கு, நிதானமாக் கேளுன்னாரு. காது கேக்காத நீங்க எனக்குச் சொல்ல வந்துட்டீங்களான்னு கேட்டேன். அது மட்டும் அவருக்கு நல்லாப் புரிஞ்சுடுச்சு. வாயைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டாரு.

அப்புறம் உங்க பெரிய ஆபீசர் ஒருத்தர் கிணிகிணியைக் கூட்டிட்டு வந்தாரு. நீங்க நிக்கறீங்களே, இதே இடத்துலதான் நின்னாங்க. இது உங்க கையெழுத்தான்னாரு. இல்லேன்னேன். நீ போட்டதான்னு அவரைக் கேட்டாரு. ஆமாங்கய்யான்னாரு. முடிஞ்சுது. கள்ளக் கையெழுத்துப் போட்டதே போதுமாமே. கிணிகிணி ஏதோ சொல்ல வந்தாரு, அம்மா அந்த மிஷின்னு ஆரம்பிச்சாரு, மிஷின் பேச்சை எடுத்தே, நான் மனுஷியா இருக்கமாட்டேன்னேன். கடைசி வரைக்கும் குனிஞ்சு என் கால்மிதியையே பார்த்துட்டு நின்னாரு. திருடனால மூஞ்சியைப் பார்க்க முடியுமான்னு நினைச்சேன்.

ஆமா, அதே கால்மிதிதான். நீங்க மிதிச்சுட்டு நிக்கறதுதான். பரவாயில்ல, நில்லுங்க.

போன வாரம் பழைய இரும்பு வாங்கற ஆள் வந்தாரு. அந்தச் சதுரம் இருக்கே, அங்கேதான், கதவுக்கு வெளியிலேயே, எங்க துணி துவைக்கிற மிஷின் கிடந்துச்சு. செத்துப்போன மிஷின். எடைக்குப் போடறேன் போடறேன்னு சொல்லியே காலம் போச்சு. அவரு தூக்கும்போது உள்ளே ஏதோ உருண்டுச்சு. மூடியைத் திறந்துட்டு, அக்கா, உள்ளே ஏதோ இருக்குக்கான்னாரு. ஒரு பிளாஸ்டிக் பை. மழை நாள்ல நீங்கல்லாம் கடுதாசிக் கட்டுக்கு மேல சுத்தி வெப்பீங்களே, அந்தப் பை. உள்ளே பார்சல்.

அப்படியே படியில உக்காந்துட்டேன். அப்பத்தான் எனக்கு எல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வருது.

என் பொண்ணு படிச்ச காலத்துல நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம், வீடு பூட்டியிருக்கும். கிணிகிணி பாவம் ஒவ்வொரு பார்சலுக்கும் ரெண்டு தடவை மூணு தடவை மாடியேறுவாரு. நான்தான் சொன்னேன். ஏங்க, எதுக்கு இத்தனை அலைச்சல், இந்தச் செத்த மிஷினுக்குள்ள போட்டுட்டுப் போங்க, கால்மிதியைக் குப்புறத் திருப்பிப் போட்டுடுங்க, நான் வந்து பார்த்துப் புரிஞ்சுக்கறேன். கையெழுத்தையும் நீங்களே போட்டுக்கோங்கன்னு சொன்னேன். அவரு மாட்டேன்னுதாம்மா சொன்னாரு. ரூல்ஸ் இல்லம்மா, வேலைக்கு உலை வெச்சிடும்னாரு. நான்தான், நம்ம வீட்டுல யாரு கேக்கப் போறா, நானே குடுத்த கையெழுத்துன்னு நினைச்சுக்கோங்கன்னேன். அதுக்கப்புறம் என் வீட்டுக்காரரு ரிட்டயர் ஆகி வீட்டோட இருக்க ஆரம்பிச்சாரு, அவரே வாங்கிக்குவாரு. அந்த ஏற்பாடே எனக்கு மறந்துபோச்சு. கிணிகிணிக்கு மறக்கல.

இந்தப் பார்சல் வந்த அன்னைக்கு நல்ல மழை. வந்து பெல் அடிச்சிருக்காரு. இவருக்குத்தான் மிஷின் இல்லையே, காதுல எப்படி விழும்? அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டு, காது மிஷினாச்சே, இன்னைக்கே அவசரமா வேணுமேன்னு நினைச்சுத்தான் அதுக்குள்ள வெச்சிருக்காரு. திரும்ப எடுத்துட்டுப் போயிருந்தா அவருக்கு என்ன வந்துச்சு? ஒண்ணுமில்ல.

கால்மிதியா? திருப்பித்தான் போட்டிருந்தாரு. ரப்பர் பக்கம் மேல இருந்துச்சு. சாயந்திரம் வேலை முடிஞ்சு நனைஞ்சுக்கிட்டு வந்தேன், பார்த்தேன். கீழ்வீட்டுப் பசங்க வேலைன்னு திட்டிக்கிட்டே, என் காலாலயே தள்ளி நேராப் போட்டுட்டு உள்ளே போயிட்டேன். என் காலாலயேம்மா.

அதையும் விடுங்க. நான் நினைச்சு நினைச்சு மருகறது வேற ஒண்ணு. அவரு என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாரு? ஏற்பாடு பண்ணினதே நான். எனக்கு மறந்திருக்கும்னு அவருக்கு எப்படித் தோணும்? கால்மிதி நேரா இருக்கு. அப்போ, பொருளை எடுத்து வெச்சுக்கிட்டு, தெருவுல நிக்க வெச்சுத் திட்டி, புகாரும் எழுதியிருக்காங்கன்னுதானே நினைச்சிருப்பாரு? அதான் அந்த ஆபீசர் முன்னாடி அந்தக் கால்மிதியையே பார்த்துட்டு நின்னாரு. இவ்வளவு பண்றவகிட்ட என்ன பேசறதுன்னு.

திங்கக்கிழமை சொல்லிடுவேம்மா. சொல்லாம? நான்தான் போட்டுக்கச் சொன்னேன், கையெழுத்து என்னோடதுதான்னே சொல்லிடறேன். என்னை என்ன வேணா பண்ணட்டும். ஒரு வாரமா அதைத்தான் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்துட்டிருக்கேன். கிணிகிணி வீட்டு வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போயிட்டேன். அவரு சம்சாரம் துணி காயப் போட்டுட்டிருந்துச்சு. சைக்கிள் திண்டுல சாஞ்சு நின்னுது. திரும்பி வந்துட்டேன். ஊருக்கெல்லாம் கேக்கற மாதிரி கத்தத் தெரிஞ்ச வாய், அங்கே போய் ஒட்டிக்கிச்சு.

என்ன கேட்டீங்க?

கிடைச்ச மிஷினை என் வீட்டுக்காரருக்கு மாட்டியும் ஏன் கேக்கலைன்னா?

மாட்டலைம்மா. இதோ பாருங்க, முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கேன். ராத்திரியில தலகாணிக்கு அடியில. கம்பெனிக்காரன் புதுசு மாதிரிப் பண்ணிக் குடுத்திருக்கான். மாட்டினா அவரு கேக்கற முதல் கேள்வி, எப்படிடி வந்துச்சுங்கறதுதான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஒரு வாரமா மனுஷனைச் செவிடாவே உக்கார வெச்சிருக்கேன். நேத்துகூட, இன்னும் வரலையான்னு கையை ஆட்டிக் கேட்டாரு. இல்லேன்னு நானும் கையை ஆட்டினேன்.

ஐயோ, போயிடாதீங்கம்மா. நீங்க போயிட்டா நான் திரும்பவும் முந்தானையில முடிஞ்சுக்குவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். அந்தப் பேனாவைக் குடுங்க. எங்கே, இங்கேயா? இந்தாங்க, போட்டாச்சு. என் கையாலயே போட்டது, நீங்க பார்த்தீங்க. இப்போ ரெண்டே நிமிஷம், உள்ளே வந்து அவரு பக்கத்துல நில்லுங்க, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். இதை அவரு காதுல மாட்டிடறேன். முதல்லேருந்து சொல்லிடறேன்.