பதினைந்து கிலோ வெல்லம்

என் பெயர் அச்யுத், வயது 37, தகப்பனார் பெயர் ராமசுவாமி. கொண்டாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 304ஆம் எண் வீட்டில் மனைவி பத்மப்ரியாவுடன் வசிக்கிறேன். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. படித்தது ஆவடியில். தெலுங்கு பேசுவேன், எழுதப் படிக்கத் தெரியாது. ஆகையால் நான் தமிழில் சொல்ல, தமிழ் தெரிந்த தலைமைக் காவலர் வேணுகோபால் எழுதிக்கொள்கிறார்.

எங்கள் ஒரே மகள் நித்யஸ்ரீ. இறக்கும்போது வயது நான்கு, இரண்டு மாதம். சென்ற செப்டம்பரில் டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்து எழுந்தால் எடைக்கு எடை வெல்லம் தருவதாக நான்தான் வேண்டிக்கொண்டேன். அதன்படி 21.01.2024 ஞாயிறன்று திருமுல்கேரியில் என் தகப்பனார் வீட்டருகே உள்ள கோயிலில் துலாபாரம் கொடுத்தோம். குழந்தை பட்டுப்பாவாடையும் ஒட்டியாணமுமாக, மடியில் தேங்காயுடன் ஒரு தட்டில் உட்கார்ந்தாள். மறுதட்டில் கிலோ கிலோவாகக் கட்டிய வெல்லப் பொட்டலங்களை அடுக்கினார்கள். பதினான்கிலேயே தட்டு சமமாகிவிட்டது. "குறையப்படாது, கூடினா தோஷமில்லை" என்று அர்ச்சகர் இன்னொன்று வைக்கச் சொன்னார். ரசீதில் பதினைந்து கிலோ என்று எழுதினார்கள்.

அதுவரை குழந்தை காரில் தோள், இடுப்பு எல்லாவற்றையும் பிடித்துக் கட்டும் சொந்த வார் உள்ள சிறுவர் சீட்டில்தான் உட்காருவாள். அடுத்துப் போடுவதற்கென்று ஒரு பூஸ்டர் சீட்டும் வாங்கி வைத்திருந்தேன். அது வெறும் மணை மாதிரி. குழந்தையைச் சற்று உயர்த்தி உட்காரவைத்து, காரில் பெரியவர்கள் போடும் பெல்ட்டையே போட வேண்டும். அதன் அடியில் பதினைந்து முதல் முப்பத்தாறு கிலோ வரை என்று ஒட்டியிருந்தது. கோயிலிலிருந்து வந்த மறுநாளே அதைப் பிரித்து மாட்டினேன். மனைவி, "இன்னும் ஆறு மாசம் பழைய சீட்லயே இருக்கட்டுமே, அச்யுத்" என்றாள். "கோயில்லயே நிறுத்தாச்சு, இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும் உனக்கு?" என்று கேட்டேன். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறது. குழந்தையை அதில் ஒருமுறைகூட ஏற்றிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு 11.02.2024 ஞாயிறு காலை பத்து மணிக்கு மூவரும் திருமுல்கேரிக்குப் புறப்பட்டோம். காரை நான் ஓட்டினேன். மனைவி முன்னால், குழந்தை பின்னால். பேகம்பேட் வந்தபோது குழந்தை, "அப்பா, மெடக்கு குச்சுகுண்டோந்தி" என்றாள். கழுத்தில் உறுத்துகிறது என்று அர்த்தம், பள்ளியில் பழகிய தெலுங்கு. சிக்னலில் திரும்பிப் பார்த்தேன். பெல்ட் தோளில் இல்லாமல் கழுத்தை ஒட்டிக் கிடந்தது. கையை நீட்டி அந்தப் பட்டையை அவள் கைக்கு அடியில் விட்டேன். "இப்ப சரியாடா?" என்று கேட்டதற்கு, ஆமாம் என்று "ஹவ்" சொன்னாள்.

சிக்னலைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ஸ்கூட்டர் ஒன்று எங்கள் பக்கத்துச் சாலையிலேயே எதிர்த்திசையில் வந்தது. ஓட்டியவர் பெயர் சபீனா என்று பின்னால் தெரிந்தது. நான் பிரேக் போட்டு இடதுபுறம் ஒடித்ததில், நின்றிருந்த பஸ்ஸின் பின்னால் கார் மோதியது. வேகம் நாற்பதுக்குள்தான். எனக்கும் மனைவிக்கும் கீறல்கூட இல்லை. குழந்தை முன்பக்கம் மடங்கியிருந்தாள், பெல்ட் வயிற்றுக்கு ஏறியிருந்தது. ரத்தம் இல்லை, அழவும் இல்லை. ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டேன். சபீனாதான் "பச்சீ கு ஜல்தி லேகே சலோ", குழந்தையைச் சீக்கிரம் தூக்கிக்கொண்டு போகலாம் என்று உருதுவில் கத்தி, ஆட்டோவை மறித்து, எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அங்கே மருந்து கொடுக்க எடை கேட்டார்கள். பதினைந்து என்றேன். நர்ஸ் நிறுத்துப் பார்த்துப் பதின்மூன்று கிலோ நூறு கிராம் என்று எழுதினார். ஈரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிவதாக டாக்டர் சொன்னார். மாலை 4.40க்கு என் மகள் இறந்தாள். அதன் பிறகு மனைவி என்னிடம் பேசவில்லை.

என் தகப்பனார் கொடுத்த புகாரில் சபீனாவே முழுக் காரணம் என்று இருக்கிறது. நேற்று தகப்பனார் என்னிடம், "பெல்ட் விஷயத்துல வாயைத் தொறக்காதேடா, கேஸ் நிக்காது" என்றார். சபீனா எதிர்த்திசையில் வந்தது தவறு. அதற்கு உண்டான தண்டனையை அவருக்குக் கொடுங்கள். என் குழந்தையின் சாவை முழுக்க அவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. எனக்கு ஆத்திரமெல்லாம் என்மேல்தான்.

எழுதியதைத் தலைமைக் காவலர் படித்துக்காட்டக் கேட்டேன். ஓரிடத்தில் "பெல்ட்டைக் குழந்தை நகர்த்திக்கொண்டது" என்று எழுதியிருந்தார். "உங்களுக்காகத்தான் சார் அப்படிப் போட்டேன்" என்றார். அதை அடித்துவிட்டு "நான் நகர்த்தினேன்" என்று எழுதச் சொல்லி, திருத்தத்தின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. எல்லாம் உண்மை. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை.

(ஒப்பம்)
ரா. அச்யுத்
19.02.2024