ஒரு சொட்டும் கசியவில்லை

கம்ப்யூட்டருக்கு வியர்க்காது ஐயா. அதுதான் அதன் குறை. உள்ளே ஏறிய சூட்டை வேறு யாராவது வெளியே எடுத்துப் போட்டால்தான் உண்டு.

சும்மா கடிதம் அடிக்கிறவர்களுக்கு இது தெரிய வேண்டியதில்லை. என் தொழில் அப்படியல்ல. வீடு கட்டி விற்கிறவர்களுக்காக, அஸ்திவாரமே தோண்டாத வீட்டுக்குள் ஆள் நடந்துபோவதுபோலப் படம் செய்து தருகிறேன். இல்லாத நீச்சல்குளத்தில் அலை நெளிவதற்குள் என் கம்ப்யூட்டர் பெட்டி கொதித்துப்போகும். அதன் விசிறிகளெல்லாம் சேர்ந்து ஊளையிடும்.

அந்த ஊளைதான் தொடக்கம். பக்கத்து அறையில் என் அண்ணன் படுத்திருந்தார். குடிநீர் வாரியத்தில் கண்காணிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்து மட்டும்தான். மொட்டைமாடித் தொட்டியின் ஏணியில் ஏறி, வாயை மூடிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்த பிளம்பருக்குப் பாடம் எடுத்தபோது விழுந்தார். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவரை வைத்துப் பார்த்துக்கொண்டது நான்தான் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

"டேய் சின்னவனே, அது கம்ப்யூட்டரா, மாவு மிஷினா? மனுஷன் கூப்பிட்டா உன் காதுல விழுமாடா?"

நியாயமான கேள்வி. அவர் கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் தண்ணீரில் குளிரவைக்கும் ஏற்பாட்டுக்கு மாறத் தீர்மானித்தேன். பம்ப் தண்ணீரைச் சுற்றவிடும், தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் கொட்டிவிட்டு வரும். சத்தம் இருக்காது.

இதில் இரண்டு வகை. ஒன்று, கம்பெனியே அடைத்து மூடித் தருவது, மாட்டினால் முடிந்தது. மற்றது, குழாய், தொட்டி, பம்ப் எல்லாம் தனித்தனியாக வாங்கி நாமே இணைப்பது. கடைக்காரர் முதல் வகையைத்தான் சொன்னார். "சார், உங்களுக்கு எதுக்கு சார் இந்த வம்பு? அது வேலையத்த பசங்க விளையாட்டு." நானும் அதையே வாங்குவதாகத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னது என் தவறு.

சொன்னதும் அவர் முகத்தில் அலுவலகம் திறந்தது. அழுத்தம் எவ்வளவு, குழாயின் உள்விட்டம் என்ன, வளைவுகள் எத்தனை என்று கேட்டுவிட்டு, எதற்கும் என்னைப் பதில் சொல்லவிடாமல் அவரே முடிவும் சொன்னார். "இந்த ஊருக்கே தண்ணி குடுத்தவன்டா நான். குழாயைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? மூடினதையே வாங்கு. நீயா ஜாயின்ட் போட்டா அன்னைக்கே ஒழுகும். அப்புறம் நான்தான் படுத்த இடத்துலேருந்து தண்ணி தண்ணின்னு கத்தி உன்னைக் காப்பாத்தணும்."

மறுநாள் நான் இரண்டாவது வகையை வாங்கிவந்தேன்.

எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. நான் சேர்ந்த படிப்பு, பார்த்த வேலை, கட்டிக்கொண்ட பெண், எல்லாமே ஒழுகும் என்றுதான் அவர் சொன்னார். அவர் சொன்னபடி சில ஒழுகவும் செய்தன. அதற்காக நான் மனதில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. பெட்டியின் பக்கம் கண்ணாடி. உள்ளே நீல நிறத் தண்ணீர் ஓடுவது தெரியும். கதவைத் திறந்தால் அவர் கட்டிலிலிருந்து நேராகப் பார்வை படும் இடத்தில் அதை வைத்தேன். அவருக்கும் பொழுது போக வேண்டுமல்லவா.

சம்பவத்தன்று என் மனைவி தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே வழக்கமானதைச் சொன்னாள். "ஏசியை நிறுத்திடாதீங்க. அவருக்கு வேர்க்காது, சூடு உள்ளயே தங்கிடும்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? அப்பப்போ தண்ணி குடுங்க." அடிபட்ட முதுகுத்தண்டு உடம்புக்கு வியர்க்கச் சொல்ல மறந்துவிடுமாம். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

காலையில் குழாய்களில் தண்ணீர் நிரப்பினேன். ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் டிஷ்யூ காகிதம் வைத்து, பம்ப்பை மட்டும் ஓடவிட்டேன். காகிதம் நனையவில்லை. அடுத்து முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு வயரிங் பழசு. ஏசியும் என் பெட்டியும் சேர்ந்து ஓடினால் மெயின் விழுந்துவிடும். ஏசியை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்துக்கு என்று நினைத்தேன். வெளியே தார் உருகும் வெயில்.

பெட்டி சூடாகவில்லை ஐயா. அத்தனை பெரிய குளத்தையும் மரங்களையும் வெயிலையும் செய்துகொண்டே, அது பச்சைப்பிள்ளை மாதிரி சத்தமில்லாமல் கிடந்தது. வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் அனுபவித்ததே இல்லை.

அப்போதுதான் அண்ணன் "தண்ணி" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். எல்லாக் காகிதமும் உலர்ந்திருந்தது. மறுபடியும் "தண்ணி" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். இணைப்புகளை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை. "எங்கயும் ஒழுகலண்ணா" என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். அவர் கூப்பிடக் கூப்பிட நான் இணைப்புகளைச் சோதித்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் மனைவி வந்து தொட்டுப் பார்த்தபோது அவர் உடம்பு அடுப்பு மாதிரி இருந்தது. உயிர் இல்லை.

"பாவம், அண்ணன் லீக் ஆகுதுன்னுதான் கத்துறார்னு தம்பி நெனச்சிட்டார்" என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். என் மனைவியும் அப்படித்தான் நம்புகிறாள். நீங்களும் என் வாக்குமூலத்தில் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். வாசித்துக் காட்டியதற்கு நன்றி. எழுத்துப்பிழை ஏதும் இல்லை. ஒரு வாக்கியம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

கடைசியில் அவர் தெளிவாகத்தான் பேசினார். குரல் காய்ந்திருந்தது, ஆனால் எனக்குக் கேட்டது. அதற்காகத்தானே அத்தனை பாடுபட்டுச் சத்தத்தை எடுத்தேன். "லீக் இல்லடா. நீ செஞ்சதுதான் சரி. குடிக்கத் தண்ணி குடுடா" என்றார்.

தண்ணீர்ச் செம்பு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நானும் எழுந்திருக்கத்தான் போனேன் ஐயா. ஆனால் அந்த நடு வாக்கியத்தைப் பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் சொன்னதில்லை. இன்னொரு தடவை சொல்வார் என்று காத்திருந்தேன்.