வலை போட மறந்த வாளி

"ஹலோ... ஆங் டெபோரா, சொல்லு... கேக்குது, கேக்குது. மொதல்ல பிரித்திகாவுக்கு எப்டி கீதுன்னு சொல்லு... ப்ளேட்லெட் எத்தினி?... ட்வென்டி எய்ட் தௌசண்டா? காலைல ஃபார்ட்டி ஒன்னு சொன்னாங்களே... ஆமா... ஆமா... எறங்கிக்கினே போவுதா... சரி, சரி, நீ அழாத, நீ அழுதா அக்கா இன்னா ஆவாங்க..."

கிளாட்வின் மொட்டைமாடியில் பச்சை நிழல்வலைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். மதியம் மூன்று மணி. சித்தூர் வெயில் வலையின் ஓட்டைகள் வழியாக அவன் சட்டையில் புள்ளி குத்திக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சந்தியாவின் மகள் பிரித்திகா, ஒன்பது வயது, டெங்குக் காய்ச்சலோடு திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்து இரண்டு நாளாகிறது. அப்பன் தேவேந்திரனுக்கு ஸ்ரீ சிட்டியில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அதனால் கிளாட்வினின் மனைவி டெபோரா துணைக்குப் போயிருந்தாள். நகராட்சி வார்டில் வீடு வீடாகப் போகும் சுகாதார ஊழியை அவள். எந்த ஜன்னலில் நின்றால் எந்தச் சீட்டு கிடைக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"ரத்தத்துக்கா? நம்ம தெரு பவன்குமார அனுப்பிட்டேன்... பைக்லதான், சந்திரகிரி தாண்டிட்டானாம்... ஆமா, துன்னுட்டுதான் போனான், வெறும் வயித்துல குடுத்துட்டு அங்கயே வுழப் போறான்னு நான்தான் நாலு இட்லி வாங்கிக் குடுத்தேன்... இன்னாது? டீமா?... நம்ம தெருவுக்கா?... எப்போ?... நாலு மணிக்கா!"

ஒரு வீட்டில் டெங்கு என்று பதிவானால் சுற்றியிருக்கும் ஐம்பது வீடுகளில் சுகாதாரத் துறையினர் ஏறிப் பார்ப்பார்கள். குடம், டிரம், ஏர்கூலர், பூந்தொட்டித் தட்டு என்று தண்ணீர் தேங்கும் எதையும் விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் டெபோராவே இதைத்தான் செய்கிறாள். "நீள்ளு நிலுவ உஞ்சொத்தம்மா", தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள், என்று அவள் தெருமுனையில் தெலுங்கில் தொடங்கினால் தெருவில் பாதிப் பேர் வாளியைக் கவிழ்ப்பார்கள், மீதிப் பேர் கதவைச் சாத்துவார்கள்.

"மீன் தொட்டிய இன்னா பண்ணுவாங்க? மீன் கீற தண்ணியில கொசு எங்க வரும், துன்னுடும்ல... மருந்தா? மருந்து போடக்கூடாது டெபோரா, குஞ்சு கீது!... பெருசுங்க தாங்கும், குஞ்சு தாங்காது... பதினாலு. நேத்து ராத்திரி எண்ணேன்... இல்ல, இல்ல, புள்ள அங்க அப்டி கீறப்போ நான் மீனப் பத்திப் பேசல. நீ கேட்ட, நான் சொன்னேன், அவ்ளோதான்."

அந்த மீன்களுக்குச் சில்லி ரஸ்போரா என்று பேர். மிளகாய்ப் பழச் சிவப்பு. முழுசாக வளர்ந்த மீனே சுண்டுவிரல் நகத்தைத் தாண்டாது. அதற்குக் குஞ்சு என்றால் தண்ணீரில் ஒரு கமா போட்ட மாதிரி இருக்கும். போன் கேமராவை விரலால் விரித்து விரித்துத்தான் எண்ண வேண்டும். சித்தூர் போர்த் தண்ணீரில் பருப்பே வேகாது, இந்த மீன் எங்கே முட்டை போடும்? ஆகவே மழைத் தண்ணீரைப் பிடித்து, பாதாம் இலையை ஊறவைத்து, வேலை பார்க்கும் மாம்பழக்கூழ் ஆலையிலிருந்து புளிப்பு அளக்கும் மீட்டரைச் சனிக்கிழமை கொண்டுவந்து திங்கட்கிழமை யாரும் பார்க்குமுன் திருப்பி வைத்து, பதினோரு மாதம் பாடுபட்டான். முட்டை போட்ட கையோடு திரும்பி நின்று அதையே விருந்தாகச் சாப்பிடும் பெற்றோர் அவை. அவற்றிடமிருந்து பதினாலு பிள்ளைகளை மீட்டிருந்தான்.

"சரி, மூடி வெக்கறேன்... ஆங்... ஆங்... நீல வாளியா?"

அவன் கண் நீல வாளிக்குப் போனது.

"அது... அதான் சொல்லிக்கீறேன்ல, எல தண்ணி. பாதாம் எல... ஊத்திட்றேன்... இன்னா எழுதின?... மூணு வாரமாவா?... ஏறிப் பாக்காமயே 'லேது'ன்னு எழுதிட்டியா?"

அந்தப் பக்கம் டெபோரா சொன்னது நியாயமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஊரார் வீட்டு மாடியெல்லாம் ஏறி இறங்குகிறவள், சொந்த மாடிக்கு மட்டும் சமையலறையிலிருந்தே படிவத்தை நிரப்பியிருந்தாள். கட்டியவன் வார்த்தையை நம்பி எழுதிய 'இல்லை' அது.

"என்ன நம்பி எழுதின... சரி... டெபோரா, ஒன்னு சொல்லணும்... இல்ல, அப்பால இல்ல. டீம் வர்றதுக்குள்ள சொல்லணும்... நீ கொஞ்சம் ஓரமா வா. அக்கா பக்கத்துல கீறாங்களா?... வந்துட்டியா?... அது எல தண்ணி இல்ல."

"..."

"புழு."

"..."

"கொசுப் புழு... ஆமா... ஆமா, நான்தான். நானேதான் வளக்கறேன்... கத்தாத! ஆஸ்பத்திரி அது... இன்னாத்துக்குன்னா, மீனுக்குத்தான். கடையில விக்கற தூள அது திரும்பிக்கூடப் பாக்கல. முட்ட வெக்கணும்னா உசுரோட கீற தீனி வேணும். பொறந்து ஒருநாள் ஆன புழுதான் அதுங்க வாய்க்குள்ள போவும்... தெரியும்... தெரியும், நான் கணக்காத்தான் இருந்தேன். கொசு வந்து முட்ட வெச்சதும் வலையப் போட்டுடுவேன். மூணாம் நாளு வடிகட்டிடுவேன். ஒன்னுகூடப் பறக்காது... டீ வடிகட்டிலதான்... இல்லல்ல, பழசு. பழசுதான், சத்தியமா... சத்தியம் பண்ணக்கூடாது, தெரியும். ஆமான்னா ஆமாதான். பழசு."

வாளிக்குள் தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. ஆள் நிழல் பட்டதும் மேலே தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் மொத்தமாக நெளிந்து அடிக்கு இறங்கின. வழக்கமாக இந்தக் காட்சி அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

"டெபோரா, முழுசாக் கேளு. சர்ச் கன்வென்ஷனுக்குப் போனோம்ல... ஆமா, வெதுருகுப்பத்துக்கு. அதுக்கு மொத நாள்தான் வலையத் தொவச்சுக் காயப் போட்டேன். வேன்காரன் கீழ ஹாரன் அடிச்சுக்கினே கீறான், நீ கொயர் பொடவைக்கு ஜாக்கெட் காணோம்னு பீரோவக் கவுத்துக்கினு கீற... நான் எறங்கி வந்துட்டேன். வலையப் போடல... நாலு நாள்னுதான் போனோம். அப்பால பாலசமுத்திரம், உங்கம்மா வூட்ல ரெண்டு நாள்... உங்கம்மாவ நான் ஒன்னும் சொல்லல! நாளு கணக்கு சொல்றேன். அதுக்கு முன்னாடியே ரெண்டு நாள் ஆன புழு. மொத்தம் எட்டு நாள் ஆச்சு."

அவன் குரல் தாழ்ந்தது.

"திரும்பி வந்து பாக்கறேன், வாளி சும்மா கீது. ஒரு புழு இல்ல. தண்ணி மேல உரிச்சுப் போட்ட தோலு மட்டும் மெதந்துக்கினு கீது... எத்தினியா? ஒரு நானூறு, ஐநூறு இருக்கும்... அப்பால இன்னா பண்ணேனா?"

இதற்குத்தான் அவன் மூன்று வாரமாகப் பயந்துகொண்டிருந்தான்.

"தண்ணிய மாத்திட்டு, திரும்ப வெச்சேன்... ஆமா... ஆமா. அன்னிக்கே."

டெபோரா வெகுநேரம் பேசினாள். அவன் பாதாம் இலை ஒன்றை நரம்பு நரம்பாகக் கிழித்துக்கொண்டே கேட்டான்.

"சாக்கடையில இருந்து வராது டெபோரா. தெருத்தெருவா நீதான சொல்லிக்கினு போற, இந்தக் கொசு நல்ல தண்ணியிலதான் முட்ட வெக்கும்னு... பகல்ல கடிக்கும், நூறு எரநூறு அடி தாண்டிப் போவாதுன்னு. எதுத்த வூட்டு நாகபூஷணம் சாருக்கு அப்பதான் காய்ச்சல் வந்துச்சு. அவரக் கடிச்சதே அப்டியே பிரித்திகாவையும்... உன் ட்ரெயினிங் புக்கப் படிச்சேன். கன்வென்ஷன் முடிஞ்சு இருவத்திமூணு நாளு. காலண்டர்ல ஒன்னொன்னா வெரல் வெச்சு எண்ணேன். சரியா வருது... இருக்கலாம், வேற எங்கயாவது இருந்தும் வந்திருக்கலாம். அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. இங்கிருந்து ஐநூறு பறந்துச்சுன்னு மட்டும் எனக்குத் தெரியும்."

"..."

"உன் வேல போவும். தெரியுது... டிஸ்சார்ஜ் ஆனப்பால சொல்லலாமா? ஆவலன்னா?... சரி, அந்த மாதிரி பேசல. பேசல... ஆனா அக்கா தன் வூட்டு சாவிய நம்மகிட்ட குடுத்துட்டு, நம்ம காச நம்பி, உன் கையப் புடிச்சிக்கினு அங்க உக்காந்துக்கினு கீறாங்க. போன அவங்ககிட்ட குடு... குடு டெபோரா... ஏன்?... இன்னா? அவங்களே கேக்கறாங்களா?"

கிளாட்வின் கிழித்த இலையைக் கீழே போட்டான்.

"அக்கா... சொல்லுங்க சந்தியாக்கா... கேட்டேன், ட்வென்டி எய்ட்டு. டெபோரா சொன்னா. பவன்குமார் வந்துக்கினே கீறான்க்கா, ரத்தத்துக்கு ஒன்னும் கவல இல்ல... இன்னா ட்ரம்மு?... உங்க வூட்டு பின்னாடியா?... அழாதீங்கக்கா, புரியல, மெதுவா சொல்லுங்க..."

அவன் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வந்து எட்டிப் பார்த்தான். சந்தியா வீட்டுப் பின்புறம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், குழாய்த் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம் நின்றது.

"தெரியுதுக்கா, இங்கிருந்து தெரியுது. மூடி போட்டு மேல கல்லு வெச்சிக்கீது... போன மாசம் ரெண்டு நாள் தொறந்து கெடந்துச்சா?... அதுக்காவா?... இல்லக்கா. நீங்க எதுக்கு... டெபோரா சொன்ன பேச்சக் கேக்கலன்னு இல்ல... தேவேந்திரன் இன்னா சொன்னாரு?... அம்மாவா இருந்துக்கினு ஒரு மூடி போடத் தெரியலயான்னா கேட்டாரு?... டீம் வர்றதுக்குள்ள நான் போய் ஊத்திடணுமா... யாருக்கும் தெரியாம..."

உலகத்தில் பழி சுமக்க ஆள் கிடைப்பது அபூர்வம். இங்கே ஒரு டிரம் தானாகவே முன்வந்து, கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு, அவனுக்காகத் தயாராக நின்றது. அவன் செய்ய வேண்டியது 'சரிக்கா' என்பது மட்டும்தான். வாளியைக் கவிழ்க்க ஒரு நிமிஷம். டெபோராவின் 'லேது' உண்மையாகிவிடும். பதினாலு கமாக்களும் பிழைத்துக்கொள்ளும். சந்தியாவும் யாரையும் வெறுக்க வேண்டியிருக்காது, தன்னைத் தவிர.

கீழே கேட் கிறீச்சிட்டது. தெலுங்கில் யாரோ வீட்டு நம்பரைப் படித்தார்கள். நாலு மணி என்று சொன்னவர்கள் மூன்றரைக்கே வந்துவிட்டார்கள்.

"அக்கா, ஒரு நிமிஷம்... பைக்கி ரண்டி! மேட மீதக்கி ரண்டி!... இல்லக்கா, உங்கள இல்ல, டீம்காரங்கள மேல வரச் சொன்னேன்... ட்ரம்மத் தொடலக்கா. தொட மாட்டேன். நீங்க கேளுங்க. ட்ரம்மு இல்ல... நீங்க ஒன்னும் பண்ணல. நான் சொல்றத முழுசா கேட்டுட்டு அப்பால திட்டுங்க."

மூன்று பேர் மாடிப்படியில் ஏறி வந்தார்கள். டார்ச் வைத்திருந்தவர் நேராக வாளிக்குப் போய்க் குனிந்தார். படிவத்தோடு வந்த பெண் பேனா மூடியைக் கழற்றினாள். கிளாட்வின் அவர்களுக்கு முதுகு காட்டவில்லை.

"எங்க மாடியில ஒரு நீல வாளி கீது. அதுல கொசுப் புழு விட்டு வளத்தேன், என் மீனுக்கு. கன்வென்ஷனுக்குப் போறப்போ வலைய மூடாமப் போயிட்டேன். வந்து பாக்கறதுக்குள்ள எல்லாம் கொசுவாயி பறந்துடுச்சு. இருவத்திமூணு நாளு ஆச்சு. டெபோராவுக்குத் தெரியாது. இப்பதான் சொன்னேன், அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி. நீங்க அவள ஒன்னும்... ட்ரம்மு இல்லக்கா. என் வாளி."

பேனாவைப் பிடித்திருந்த பெண் எழுதாமல் நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

போனுக்குள் ஆஸ்பத்திரி மைக் யாரோ ஒருவருடைய பேரை இரண்டு தடவை கூப்பிட்டது. தள்ளுவண்டி ஒன்று உருண்டு போனது. திரையில் விநாடிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"அக்கா... லைன்ல கீறீங்களா?... அக்கா..."

"..."

"ஆங், கீறேன், சொல்லுங்க."

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சின்னக் கேள்விதான். அதற்கு அவன் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் டெபோராவுக்கானவை.

"இல்லக்கா... மறந்தது வலைய மட்டுந்தான்... வாளிய மறந்து வெக்கல... ஆமா. கொசுன்னு தெரிஞ்சுதான் வளத்தேன்."

அந்தப் பக்கம் லைன் கட் ஆனது.