சுறாவுக்குக் கீழே இரண்டு சம்பந்திகள்

லாரிக்காரர்: நான் இங்கேயே உக்காந்திருக்கேன். நீங்க போயிட்டு வாங்க சம்பந்தி.

வாத்தியார்: நல்லா இருக்கே. பொண்ணு தண்ணிக்குள்ள இறங்கப் போறா, மாமனார் போய்ப் பாக்கணும், பெத்த அப்பன் பெஞ்சுல உக்காந்திருப்பாராமா?

லாரிக்காரர்: இறங்கச் சொன்னது யாரு? உங்க பையன். கல்யாண நாளுக்கு ஒரு வாட்ச் வாங்கிக் குடுத்தா ஆகாதா? சுறா இருக்கிற தொட்டியில குதிக்க டிக்கெட் வாங்கிக் குடுத்திருக்கான்.

வாத்தியார்: குதிக்கல. நீந்தப் போறா. கூடவே பயிற்சிக்காரர் இருக்கார்.

லாரிக்காரர்: அது சுறாவுக்குத் தெரியுமா?

வாத்தியார்: அதுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டுடறாங்க.

லாரிக்காரர்: எனக்கும்தான் இங்க வேளாவேளைக்குப் போடறாங்க. நேத்து சாப்பிட்டு முடிச்சதும் நான் பிஸ்கட் தேடலையா?

வாத்தியார்: உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்.

லாரிக்காரர்: எனக்கு இந்த ரிசார்ட்டே பிடிக்கல. நம்ம வீட்டு மொட்டைமாடியில நின்னா இவங்க பேர்ப்பலகை தெரியுது. இதுக்குப் போய்ப் பெட்டி கட்டி, வீட்டைப் பூட்டி, பக்கத்து வீட்ல சாவி குடுத்து... அவன் எந்த ஊருக்குக் கிளம்பிட்டீங்கன்னு கேக்கறான்.

வாத்தியார்: என்ன சொன்னீங்க?

லாரிக்காரர்: தூரம்னு சொல்லிட்டேன்.

வாத்தியார்: சரி, எழுந்திருங்க. தொட்டிக்கு அடியில போற கண்ணாடிக் குகை நடுவுல தரையில மஞ்சள் வட்டம் போட்டிருக்காம். நாம அதுல நின்னா, நேரா நம்ம தலைக்கு மேல வருவாளாம். அப்பாவை எப்படியாவது நிக்க வெச்சுடுங்க மாமான்னு சொல்லிட்டுப் போயிருக்கா.

லாரிக்காரர்: அதை என்கிட்ட ஏன் சொல்லல?

வாத்தியார்: சொன்னா சண்டைக்கு வருவீங்கன்னுதான். சின்ன வயசுல குளத்துப் பக்கமே விடலையாமே அவளை.

லாரிக்காரர்: ...விடல.

வாத்தியார்: காலேஜ்ல உங்களுக்குத் தெரியாமத்தான் நீச்சல் கத்துக்கிட்டாளாம்.

லாரிக்காரர்: தெரியாம என்ன? தலை ஈரமா வீட்டுக்கு வருவா. கேட்டா மழையில நனைஞ்சுட்டேன்பா. வெளிய வெயில் கொளுத்தும்.

வாத்தியார்: வாங்க. நீங்க அங்க இல்லன்னா அவ வந்து யாரைப் பாப்பா?

லாரிக்காரர்: அதான் நீங்க இருக்கீங்களே.

வாத்தியார்: நான்... தனியா போகமாட்டேன். நீங்க வந்தா போறேன்.

லாரிக்காரர்: ஏன், உங்களுக்கும் பயமா?

வாத்தியார்: எனக்கென்ன பயம்? அப்ப உங்களுக்குப் பயமா?

லாரிக்காரர்: பயம் இல்ல, யோசனை. பாருங்க, கண்ணாடியை வளைச்சு மேல கடலையே நிறுத்தி வெச்சிருக்கான். கட்டினவன் ஒரு தடவையாவது அடியில நடந்து பாத்தானான்னு யாராவது கேட்டாங்களா?

வாத்தியார்: தினமும் ஊரே உள்ள போகுது.

லாரிக்காரர்: போறதை நானும் பாத்தேன். ஒருத்தரும் திரும்பி வரக் காணோம்.

வாத்தியார்: வெளிய போற வழி அந்தப் பக்கம் இருக்கு.

லாரிக்காரர்: விவரமாத்தான் வெச்சிருக்கான், யாருக்கும் கணக்குத் தெரியாம.

வாத்தியார்: கையைக் குடுங்க.

லாரிக்காரர்: எதுக்கு?

வாத்தியார்: சும்மா குடுங்க. உங்களுக்குத் துணையா இருக்கட்டும்.

லாரிக்காரர்: நான் என்ன குழந்தையா... சரி, பிடிங்க. முட்டி வலிக்குது, அதுக்காக.

வாத்தியார்: முட்டிக்காகத்தான். புரியுது.

லாரிக்காரர்: ...உள்ள வந்துட்டோமா?

வாத்தியார்: வந்துட்டோமே. உங்களுக்குத் தெரியலையா?

லாரிக்காரர்: தெரியுது, தெரியுது. ஒரு பேச்சுக்குக் கேட்டேன். முன்னாடி போங்க.

வாத்தியார்: நீங்க போங்க. லாரி ஓட்டினவர், நீங்கதான் வழி காட்டணும்.

லாரிக்காரர்: நீங்க பெரியவர். நீங்க போங்க.

வாத்தியார்: சரி, சேந்தே போவோம்... மன்னிக்கணும் சார், இடிச்சுட்டேன்.

லாரிக்காரர்: யாரு அது?

வாத்தியார்: யாரோ. பதிலே பேசல. திமிர் பிடிச்ச ஆளு.

லாரிக்காரர்: தலைக்கு மேல என்ன போகுது சம்பந்தி?

வாத்தியார்: மீன்.

லாரிக்காரர்: என்ன மீன்?

வாத்தியார்: ...பெரிய மீன்.

லாரிக்காரர்: பள்ளிக்கூடத்துல இப்படித்தான் சொல்லிக் குடுத்தீங்களா?

வாத்தியார்: நான் கணக்கு வாத்தியார்.

லாரிக்காரர்: சம்பந்தி... ஒண்ணு சொல்றேன். என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

வாத்தியார்: சொல்லுங்க.

லாரிக்காரர்: ஒரு தடவை தரைப்பாலத்துல வெள்ளம் வந்து வண்டியைப் புரட்டிடுச்சு. கேபினுக்குள்ள நான். முன்னாடி கண்ணாடி, ரெண்டு பக்கமும் கண்ணாடி, வெளிய பூராத் தண்ணி. மேல எங்கயோ வெளிச்சம் தெரியுது, கதவு திறக்கல... எப்படி வெளிய வந்தேன்னு இன்னைக்கும் தெரியாது. வீட்ல டயர் பஞ்சர்னு சொல்லிட்டேன்.

வாத்தியார்: பஞ்சரா...

லாரிக்காரர்: அப்ப இவ கைக்குழந்தை. அன்னையிலருந்து தலைக்கு மேல தண்ணின்னா எனக்கு ஆகாது. ஷவருக்குக் கீழகூட நிக்கமாட்டேன்.

வாத்தியார்: அதான் நேத்து குளிக்க வாளி கேட்டு ரிசார்ட்காரங்களோட அந்தச் சண்டையா?

லாரிக்காரர்: ம்.

வாத்தியார்: முன்னாடியே சொல்லக்கூடாதா? திரும்பிடுவோம், வாங்க.

லாரிக்காரர்: வேண்டாம். அவ வருவா. இது வட்டம்தானே?

வாத்தியார்: வட்டம்னுதான் நினைக்கிறேன்.

லாரிக்காரர்: வந்துட்டாளா?

வாத்தியார்: இன்னும் இல்ல.

லாரிக்காரர்: இப்ப?

வாத்தியார்: வந்தா நீங்களே சொல்ல மாட்டீங்களா?

லாரிக்காரர்: நீங்களே பாத்துச் சொல்லுங்க. வாத்தியார் கண்ணு கூர்மை.

சீருடைப் பெண்: ஐயா, ஏன் ரெண்டு பேரும் இப்படியே நிக்கறீங்க? மேல ஒரு அக்கா அப்போலருந்து உங்களுக்குத்தான் கை ஆட்டறாங்க. நீங்க கண்டுக்கவே இல்ல. நேரம் முடிஞ்சுது, இப்ப மேல ஏத்திடுவாங்க.

லாரிக்காரர்: சம்பந்தி, அப்ப இவ்வளவு நேரம் என்னத்தைப் பாத்தீங்க?

வாத்தியார்: அவ உங்க பொண்ணு. நீங்க பாக்க வேண்டியதுதானே?

லாரிக்காரர்: நான் உள்ள நுழைஞ்சதுலருந்து கண்ணையே திறக்கலைங்க. உங்க கண்ணை நம்பித்தான் வந்தேன்.

வாத்தியார்: போயும் போயும் என் கண்ணையா...

சீருடைப் பெண்: அக்கா போகப் போறாங்க ஐயா.

வாத்தியார்: திறங்க சம்பந்தி. கையை விடமாட்டேன். திறங்க.

லாரிக்காரர்: ...எம்மாடி.

வாத்தியார்: என்ன? சொல்லுங்க.

லாரிக்காரர்: தலைக்கு மேல மிதக்கறா. முடியெல்லாம் விரிஞ்சு கிடக்கு. சுறா கிட்ட வருது... இவ பஸ்ல ஆளுக்கு ஒதுங்கற மாதிரி ஒதுங்கி அதுக்கு வழி விடறா. துளிப் பயம் இல்ல. பாத்துட்டா, என்னைப் பாத்துட்டா. கீழ இறங்கி வந்து கண்ணாடியில உள்ளங்கையை வெக்கறா... நானும் வெச்சுட்டேன் சம்பந்தி. சில்லுனு இருக்கு. ஏம்மா, நல்லாப் பாத்துக்கோ, அது என் பொண்ணு. இந்தாங்க சார், நீங்களும் பாருங்க, என் பொண்ணு. தண்ணியாவது ஒண்ணாவது.

சீருடைப் பெண்: பாத்துட்டோம் ஐயா. எல்லாரும் உங்களைத்தான் பாக்கறாங்க.

லாரிக்காரர்: பாக்கட்டும். உங்களுக்கும் கை ஆட்டறா, நீங்களும் ஆட்டுங்க. நல்லா ஆட்டுங்க... சம்பந்தி, அந்தப் பக்கம் வெறும் சுவரு. யாருக்கு ஆட்டறீங்க?

வாத்தியார்: இந்த மாதிரி வெளிச்சம் குறைஞ்ச இடத்துல எனக்கு ஒண்ணுமே தெரியாது சம்பந்தி, ரொம்ப நாளா. பையனுக்குத் தெரிஞ்சா ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிடுவான்னு மூச்சு விடல. என் கையைப் பிடிச்சு அவ இருக்கிற பக்கம் திருப்பி விடுங்க, நானும் ஆட்டறேன்.