திரும்பிய முகம்

எண்பதுகளின் நடுவில் ஒரு மாலை, கல்முனையில் சம்மாந்துறை பஸ்ஸுக்கான வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண், வரிசையோரம் அமர்ந்து போட்டோவைப் பார்த்து ஆள்படம் வரைந்து கொடுக்கும் ஓவியர் ஒருவரிடம் ஒரு சிறு படத்தை நீட்டினாள்.

“இதில முகமே இல்லையே, தங்கச்சி. ஆள் திரும்பின வேகம் மட்டும்தான் விழுந்திருக்கு” என்றார் அவர்.

“ஓம் நானா. படம் எடுக்கக்குள்ள நான்தான் கூப்பிட்டன். சட்டெண்டு திரும்பிட்டார். அவர்ர வேற படம் எங்கிட்ட இல்ல.”

“இப்ப எங்க அவர்?”

“நாவிதன்வெளி வயலுக்குப் போனவர ஆமி ஜீப்பில ஏத்திட்டுப் போயிட்டாங்க. ரெண்டு வருஷமாகுது. முகாம் முகாமா இதத்தான் காட்டித் திரியிறன். இது ஆரெண்டு கேக்காங்க. தெளிவாக் கீறித் தாங்க.”

“கண்ணு மூக்க நான் எதப் பாத்துக் கீறுற?”

“மகளுக்கு வாப்பாட முகம்தான். நாளைக்குக் கூட்டிட்டு வாறன்.”

ஓவியர் படத்தை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“அண்டைக்கு இருந்த மாதிரியே கீறினா, இப்ப அவரக் கண்டவங்களுக்கு ஆளத் தெரியாது. அந்த ரெண்டு வருஷமும் முகத்தில தெரியணும்.”

“அப்ப தாடி வைங்க. கன்னத்த ஒட்ட வைங்க, நானா.”

“எவ்வளவு ஒட்ட?”

பஸ் வந்து நின்றது. வரிசை நகரத் தொடங்கியும் அவள் நகரவில்லை. முக்காட்டைச் சற்று விலக்கி அவரை நேராகப் பார்த்தாள்.

“என்னப் பாத்துக் கீறுங்க” என்றாள். “அவர் போகக்குள்ள நான் இப்பிடி இருக்கல்ல.”