கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, செங்குத்தான அந்தப் படிகளில் மூச்சு வாங்க ஏறிவந்து, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் அப்பாக்களே, அம்மாக்களே, இந்த மன்றத்தின் இன்றைய பிள்ளைகளே, நேற்றைய பிள்ளைகளே! கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்தில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு, கையில் சோப்பு வாசனை போகாமலேயே மேலே வந்திருக்கும் அண்ணன்களே, அக்காக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இயந்திரங்கள் நின்றுவிட்டதால் இன்று இந்தத் தரை அதிரவில்லை. கவனித்தீர்களா? மற்ற நாட்களில் பாதத்தின் கீழ் ஒரு மெல்லிய நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை ஆவி ஏறிவரும். சாயங்கால வெயில் அதன்மேல் விழும்போது எதிர்க்கட்டிடம் மறைந்துவிடும், தெரு மறைந்துவிடும், இந்த அறை மட்டும் எங்கோ மிதந்துபோவது போல இருக்கும். "நம்ம ரூம் மட்டும் டூர் கெளம்பிடுச்சு பாருங்க, யாரும் டிக்கெட் கேக்கல" என்பார் அத்தை.

இன்று அறை நின்றுவிட்டது. அத்தை இறங்கிவிட்டார்.

நம் இளைஞர் மாலை மன்றத்தின் அமைப்பாளர். காலையில் பல் மருத்துவமனையின் வரவேற்பாளர். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அத்தை. சென்ற வாரம், சில நாள் காய்ச்சலுக்குப் பிறகு, தூக்கத்திலேயே நம்மை விட்டுப் போனார். அவருக்குத் துணை அமைப்பாளராக இருந்தவள் என்பதால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சபையில் பேசிப் பழக்கமில்லை. அத்தைக்கும் இல்லை. அவர் பேசியதெல்லாம் படிக்கட்டில்தான்.

ஏன் அத்தை? ஏன் அம்மா இல்லை, மேடம் இல்லை? ஒருமுறை ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். "அம்மான்னா பயப்படணும். டீச்சர்னா எழுந்து நிக்கணும். அத்தைன்னா கிண்டல் பண்ணலாம், கோச்சுக்கிட்டுப் போகலாம், மறுநாள் வெக்கமே இல்லாம வந்து நிக்கலாம். அதனால அத்தை" என்றார்.

அன்பார்ந்த சபையோரே! ஒருவர் வளர்ந்துவிட்டார் என்பதை அவருக்கு யார் சொல்ல வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரரின் முகம் லிஃப்டில் மட்டுமே தெரிந்த இந்தத் தெருக்களில், பதினெட்டு வயதை யார் வந்து அறிவிக்கிறார்கள்? அடையாள அட்டையா? சிம் கார்டு விற்கிற கடையா? நம் ஒவ்வொரு குடும்பத்திலும் அதற்கென்று ஏதோ ஒரு சடங்கு முன்பு இருந்தது. வேறு வேறு திசைகளிலிருந்து இந்த நகரத்துக்கு வந்தவர்கள் நாம். வரும்போது பாத்திரங்களைக் கட்டி எடுத்துவந்தோம். சடங்குகளைக் கட்டி எடுத்துவர முடியவில்லை.

அத்தை வீடு வீடாகப் போய்க் கேட்டார். எல்லோரும் ஆசையாகச் சொன்னார்கள். அவர் எதையும் விட மனமில்லாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்தார்! ஒரு வீட்டிலிருந்து பாட்டு, ஒரு வீட்டிலிருந்து மௌனம், ஒரு வீட்டிலிருந்து புதுத் துணி, ஒரு வீட்டிலிருந்து தலைக்குத் தண்ணீர். பாட்டு வீடும் மௌன வீடும் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டன. பாடியவர்களைப் பார்த்து மௌனமாக இருக்க வேண்டியவர்கள் "உஷ்" என்றார்கள். தலைக்கு ஊற்றிய தண்ணீர் தரை இடுக்கில் இறங்கி, கீழே இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த ஹோட்டல் விரிப்புகளின் மேல் சொட்டியது. சலவைக்கூடத்து மேற்பார்வையாளர், அதோ மூன்றாவது வரிசையில் சிரிக்கிறாரே, அவர்தான், படியேறி வந்து கேட்டார்: "சடங்கு பசங்களுக்கா, என் பெட்ஷீட்டுக்கா?"

எல்லோரும் சிரித்தோம். ஈரத் தலையோடு நின்ற ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அத்தை, இதுல எல்லார் வீடும் இருக்கு. நான்தான் இல்ல" என்றாள்.

அந்த வார்த்தை அத்தையைப் பல மாதம் தூங்கவிடவில்லை. நோயாளிகளை உள்ளே அனுப்பும்போதும், பேருந்து ஜன்னலில் தலை சாய்த்திருக்கும்போதும் அதையே யோசித்தார். அத்தனை வீட்டுச் சடங்குகளிலும் பொதுவாக என்ன இருக்கிறது? யாரோ ஒருவர் தனியே விலகி இருக்கிறார். யாரோ வெளியே காத்திருக்கிறார்கள். விலகியிருந்தவர் வேறு ஒருவராகிறார். காத்திருந்தவர்கள் அதை ஒத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். அதற்கு ஒரு அறை போதும். ஒரு கதவு போதும்.

அப்படித்தான் அழைக்கும் நாள் பிறந்தது. முதன்முறையாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மன்றத்தில் பதினெட்டு நிறைந்த ஒவ்வொருவருக்கும் இந்த அறை ஒரு பிற்பகல் முழுக்கச் சொந்தம். அவரே பெருக்குவார். நாற்காலி எப்படிப் போடுவது, திரையை விலக்குவதா, தரையில் உட்காருவதா, எல்லாம் அவர் முடிவு. பிறகு கதவைச் சாத்திக்கொள்வார். அவரைப் பெற்றவர்களும் வளர்த்தவர்களும் படியேறி வந்து தட்டுவார்கள். "உள்ளே வரலாமா?" என்று கேட்பார்கள். உள்ளே இருப்பவர் "வாங்க" என்றால் கதவு திறக்கும். அன்று வீட்டார் விருந்தாளிகள், அவர்தான் வீட்டுக்காரர்.

நான் வாசித்த புத்தகங்களில் வளர்வது என்றால் பெரும்பாலும் வீட்டைவிட்டுக் கிளம்புவதுதான். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவது. அத்தை அதைத் திருப்பிப் போட்டார். ஒருவரை உள்ளே கூப்பிட ஓர் இடமும், கூப்பிட ஒரு மனமும் இருப்பதுதான் அவருக்கு வளர்ச்சி.

கேட்கச் சுலபமாக இருக்கிறதல்லவா? சுலபமே இல்லை! பேருந்து ஓட்டுநராக இருக்கும் ஓர் அப்பா முதல் ஆண்டு வந்தார். தட்டினார், தட்டிய கையாலேயே தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார். "என் பொண்ணு இருக்கற ரூமுக்கு நான் எதுக்குக் கேட்டுக்கிட்டு நிக்கணும்?" அத்தை அவரைப் படிக்குக் கீழே அனுப்பினார். மறுபடி வந்தார். மறுபடி அதே கை, அதே தள்ளு. "உங்க பஸ்ஸுல ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடி யாராவது குதிச்சா விடுவீங்களா? போங்க, கீழ இருந்து வாங்க" என்றார் அத்தை. மூன்றாம் முறை அந்த மனிதர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து "வாங்கப்பா" என்று குரல் வந்தபோது அவரால் காலை எடுத்துவைக்க முடியவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

அந்த நாட்களை நினைத்தால் எல்லாம் ஆவிக்குள் நடந்தது போலத்தான் எனக்குத் தெரிகிறது. சாத்திய கதவு, அதன் மேல் பகுதியில் பால்நிறக் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் தெளிவில்லாமல் அசையும் ஓர் உருவம். பிறந்ததிலிருந்து பார்த்த பிள்ளை. ஆனால் அந்தக் கண்ணாடி வழியே யாரென்று சொல்ல முடியாது. பெற்றவர்கள் அதைப் பார்த்தபடி நிற்பார்கள். அத்தை ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவர்களோடு வெளியே உட்கார்ந்திருப்பார். அவரும் கூப்பிட்டால்தான் போவார்.

இனி நான் சொல்லப்போவதை, சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். இருவரும் இங்கே இருக்கிறார்கள்.

நாம் கொக்கு என்று கூப்பிடும் உயரமான தம்பியின் அழைக்கும் நாள் அது. அவன் அப்பா லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் மகனுடைய அறைக் கதவின் தாழ்ப்பாளை ஒருநாள் திருப்புளி வைத்துக் கழற்றி எடுத்துவிட்டவர். "பதினாறு வயசுப் பையனுக்கு எதுக்குத் தாழ்ப்பாள்?" என்பது அவர் கேள்வி. அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

அம்மா, தங்கை, அப்பா மூவரும் வந்து தட்டினார்கள். "உள்ளே வரலாமா?"

"அம்மா, வாங்க. குட்டி, நீ வா. அத்தை, நீங்களும் வாங்க."

அவ்வளவுதான். அதற்குமேல் குரல் வரவில்லை.

அம்மா தயங்கித் தயங்கி உள்ளே போனார். தங்கை போனாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. அப்பா வெளியே நின்றார். அத்தை எழுந்திருக்கவில்லை.

மன்றத் தலைவர் அவர்கள் அன்று படியில் நின்றிருந்தார். "ஒரு வார்த்தை பையன்கிட்ட சொல்லுங்கம்மா. பார்க்க நல்லாயில்லை" என்றார். அத்தை சொன்ன பதில் தலைவருக்கு நினைவிருக்கும். "பார்க்க நல்லா இருக்கணும்னா எல்லாரையும் போட்டோ ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே சார். கூப்பிடாம இருக்கவும் முடியும்னாதான் கூப்பிடறதுக்கு மதிப்பு. இல்லன்னா இது ட்ராமா."

பிறகு அந்த அப்பாவிடம் திரும்பி, "உக்காருங்க" என்று பக்கத்துப் படியைத் தட்டிக் காட்டினார்.

"நீங்க போங்க. உங்களைக் கூப்பிட்டான்ல" என்றார் அவர்.

"போகலாம். ஆனா எனக்கு முட்டி வலி. உக்காந்தா உக்காந்ததுதான்."

முட்டியில் வலியே இல்லை! நாளுக்குப் பத்துத் தடவை இந்தப் படி ஏறி இறங்கியவருக்கா முட்டி வலி? அந்தப் பிற்பகல் முழுக்க இருவரும் அங்கேயே இருந்தார்கள். அத்தை அறிவுரை எதுவும் சொல்லவில்லை. மருத்துவமனையில் பல்லைப் பிடுங்க வந்து பயத்தில் ஓடிப்போனவர்களின் கதைகளைச் சொன்னார். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் என்னென்ன பேசுவார்கள் என்று கேட்டார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்ப்பார்கள். ஆவி ஏறியது, வெயில் இறங்கியது. அப்பாவைக் கடைசிவரை கூப்பிடவில்லை. அவர் எழுந்து, அத்தையைக் கும்பிட்டுவிட்டு, தனியாகப் படியிறங்கிப் போனார்.

மறுவாரம் நிர்வாகக் குழுவில் என்ன பேச்சு! ஒரு தகப்பனை அவமானப்படுத்திவிட்டீர்கள் என்றார்கள். இனி கதவைத் திறந்தே வையுங்கள், பிள்ளை வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்கட்டும் என்றார்கள். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஆண்டும் கேட்டார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

சென்ற ஆண்டு கொக்கு வேலை கிடைத்துத் தனியறை எடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு அவனே போன் செய்து வரச் சொன்னான். அவர் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்துதான் இருந்ததாம். ஆனாலும் தட்டிவிட்டு நின்றாராம். "என்னப்பா, கரண்ட் பில் குடுக்க வந்த ஆள் மாதிரி நிக்கறீங்க? வாங்க" என்றானாம் இவன்.

அன்று அத்தை சொல்லியிருந்தால் அப்பாவைக் கூப்பிட்டிருப்பாயா என்று தம்பியை இந்த வாரம் கேட்டேன். "அன்னைக்கு அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பாவைக் கூப்பிட்டிருப்பேன்க்கா. அப்புறம் ஜென்மத்துக்கும் கூப்பிட்டிருக்க மாட்டேன்" என்றான்.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை, சபையோரே. அதை மறைத்தால் அத்தைக்கு நான் செய்யும் மரியாதை ஆகாது. இன்னும் கூப்பிடப்படாத ஓர் அம்மா நம்மிடையே இருக்கிறார். அத்தை மாதம் ஒருமுறை அவர் வேலை செய்யும் தையற்கூடத்துக்குப் போய், சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார். ஆறுதல் சொன்னாரா? தெரியாது. பக்கத்தில் இருந்தார். உள்ளே கூப்பிடப்பட்டவர்களுக்கு விழா எடுக்க ஊரே வரும். வெளியே நிற்பவரோடு உட்கார யார் வருவார்கள்? அத்தை வந்தார். அதுதான் அவர் செய்த சேவை. வேறெதைச் சொல்லிப் புகழ்ந்தாலும் அது இதற்குக் கீழேதான்.

வரும் ஞாயிறு மறுபடி அழைக்கும் நாள். தலைவர் அவர்கள் சற்று முன்பு இந்த மேடையில் மனம் திறந்து பேசினார். "இந்த முறை உள்ளே இருக்கப்போவது என் மகள். அவள் என்னைக் கூப்பிடுவாளா என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. அம்மையாரும் இல்லாத நிலையில், இந்த ஆண்டாவது கதவைத் திறந்து வைக்கலாமே" என்றார். இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! ஐயா, அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். உங்கள் மகளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஆனால் அமைப்பாளர் பொறுப்பை இன்று என் கையில் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

கதவைச் சாத்தித்தான் வைப்போம், ஐயா.

திறந்த கதவுக்குள் நீங்கள் நடந்துபோகலாம். ஆனால் உங்கள் மகள் உங்களைக் கூப்பிட்டாளா என்பது உங்களுக்கு ஒருநாளும் தெரியாமலே போய்விடும். அந்தக் குரலைக் கேட்கும் வாய்ப்பை உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். கூப்பிடாமல் இருக்கும் உரிமையை அவளிடமிருந்தும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அத்தை இல்லாமல் வெளியே யார் உட்காருவது என்றுதான் இந்த வாரம் முழுக்கக் கலங்கினேன். இன்று காலை நாற்காலி போட வந்த கொக்குவின் அப்பாவிடம் கேட்டேன். கையிலிருந்த மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டார். "நான் உக்கார்றேன்மா" என்றார். "என்ன பேசறதுன்னு தெரியாது. ஆனா பேசாமக்கூட உக்காந்திருக்கலாம்ல?"

ஆகவே, இந்தச் சபையின் முன் எங்கள் உறுதிமொழி இது. ஞாயிறு பிற்பகல் கதவு சாத்தியிருக்கும். கீழே இயந்திரங்கள் ஓடும், ஜன்னலில் ஆவி ஏறும், கண்ணாடிக்குப் பின்னால் உங்கள் மகள் நடமாடுவாள். நீங்கள் தட்டுங்கள், ஐயா. கேளுங்கள். அவள் கூப்பிட்டால் நாங்கள் எல்லோரும் உங்கள் பின்னாலேயே வருவோம். கூப்பிடாவிட்டால் உங்களுக்கு இந்தப் பக்கம் கொக்குவின் அப்பா உட்காருவார். அந்தப் பக்கம் நான். என்னைக் கூப்பிட்டாலும் நான் உள்ளே போகமாட்டேன்.