சத்தமில்லாமல் விழுந்த கியர்

தலைமையேற்று அமர்ந்து, கைக்கடிகாரத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் ரேடியேட்டர்க்கார அண்ணன் அவர்களே! துருவைத் தொட்டுத் தொட்டே விரல் ரேகையைத் தேய்த்துக்கொண்ட மூத்தோர்களே! பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களைக் கட்டிக்கொண்டு, கட்டிலுக்கடியில் கார் கதவும் சமையலறையில் கார்புரேட்டரும் கிடக்கப் பொறுத்துக்கொண்ட தாய்மார்களே! உடலை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, உயிரை வெளியே நிறுத்தியிருக்கும் வண்டிமேல் வைத்திருக்கும் தோழர்களே! கார் இருக்கைகளுக்கு உறை தைத்துப் பிழைக்கும் இந்தத் தையற்காரியின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும்!

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "உதிரிபாகம் தேடுவது எப்படி?"

எப்படித் தேடுவது? தூக்கம் தொலைத்துத் தேடுவது! துணையின் திட்டை வாங்கித் தேடுவது! திருமண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்க்காமல், பக்கத்து வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடப்பது என்னவென்று எட்டிப் பார்த்துத் தேடுவது! சிரிக்கிறீர்கள். ஒருவரும் மறுக்கவில்லையே!

நான் சொல்லப்போவது என் தம்பியின் கதை. பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்துவிட்டது. பம்பரம் என்று கூப்பிட்டால்தான் திரும்புவான். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை, தட்டோடு நடப்பான். படுத்தால் கால் ஆடும். பேசினால் கை பேசும். எதிரே நிற்பவரின் சட்டைப் பொத்தான் லேசாக ஆடினால்கூட அதைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடர்வான்.

அப்படிப்பட்டவன் பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கு வந்தான். தொடங்குவான், துலக்குவான், தோலுரிப்பான். பாதி வேலையில் வேறொரு வண்டியின் சேதி வரும். இதை யாருக்காவது தள்ளிவிட்டு அங்கே தாவிவிடுவான். அவன் கைபட்ட வண்டிகள் ஊரெல்லாம் ஓடுகின்றன. ஆனால் ஒன்றையாவது அவன் முடித்தானா? இல்லை! முடித்தவர்கள் எல்லாம் வேறு பேர்.

தம்பி மனைவி ஒருநாள் என்னிடம் வந்து கொதித்தாள். "அண்ணி, இவர் ஒரே ஒரு வண்டியை முடிச்சு ரோட்டுல ஓட்டிக் காட்டட்டும். இல்லேன்னா இனிமே என் வீட்டு வாசப்படிக்குள்ள ஒரு நட்டு, ஒரு போல்ட்டு வரக்கூடாது. சொல்லி வைங்க."

சொல்லி வைத்தேன். அப்போது அவன் கையில் இருந்தது, வட்ட விளக்கும் வளைந்த முதுகுமாக ஒரு கறுப்பு வண்டி. "அக்கா, இதை முடிக்காம வேற வண்டியைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்" என்றான். என்ன ஆச்சரியம்! பார்க்கவும் இல்லை! இன்ஜினை இழைத்து இழைத்து, காதை வைத்துக் கேட்டால் பூனை உறங்குவதுபோல் ஓடவைத்தான். நானும் என் பங்குக்கு அதன் இருக்கைகளுக்குச் சிவப்புத் தோலில் உறை தைத்தேன். என் ஆயுளிலேயே அப்படியொரு தையல் அதற்கு முன்னும் விழவில்லை, பின்னும் விழவில்லை.

ஒன்றே ஒன்று குறை. கியர்பெட்டி! பல்லெல்லாம் தேய்ந்து, பெட்டி குறுக்கே வெடித்து, பற்றவைக்கவும் முடியாத நிலை. அந்த மாதிரி வண்டியே அரிது. அதன் கியர்பெட்டி அதைவிட அரிது. அலைந்தான் தம்பி! பழைய இரும்புக் கடைகளில் அலைந்தான், பாழடைந்த கொட்டகைகளில் அலைந்தான், போன் பேசியே அலைந்தான், போன் எடுக்காதவர்களின் வீட்டுக்கே போய் அலைந்தான். கடைசியில் கிடைத்த சேதி என்ன தெரியுமா? எங்கள் தெருவுக்கு நான்கு தெரு தள்ளி, ஒரு சலவைக்கடையின் பின்கொட்டகையில், அதே மாதிரி இன்னொரு வண்டி!

ஓடினோம். சலவைக்கடை அம்மா அறுபதைத் தாண்டியவர். ஆவி பறக்கும் இஸ்திரி இயந்திரத்துக்குப் பின்னால் நின்று, தம்பி சொன்னதையெல்லாம் கேட்டார்.

"வண்டி இருக்கு. இன்ஜின் தண்ணி இறங்கி இறுகிப்போச்சு. கியர்பெட்டி நல்லாத்தான் இருக்கு."

தம்பிக்கு அங்கேயே கால் தரையில் நிற்கவில்லை. "அம்மா, நீங்க என்ன கேட்டாலும் சரி…"

"குடுக்க மாட்டேன்."

"ஏம்மா? ஓடாத வண்டிக்கு எதுக்கு கியர்பெட்டி?"

"ஓடாத வண்டிக்கு எதுக்கு இன்ஜின்னு நான் உங்களைக் கேட்டேனா?"

அங்கே ஒருவர் கை தட்டுகிறாரே, அவர் வீட்டிலும் ஏதோ பூட்டி வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்!

அடுத்த வாரம் போனான், மறுத்தார். அதற்கடுத்த வாரம் போனான், மறுத்தார். அப்போதுதான் உள்ளறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்த அம்மாவின் கணவர், பெரியவர். அந்த வண்டியை வாழ்நாளெல்லாம் ஓட்டியவர். கண் மங்கிப்போய், வெளிச்சத்தையும் நிழலையும் தவிர வேறொன்றும் தெரியாமல், நாற்காலியோடு நாற்காலியாக இருந்தார். தம்பியின் கையைப் பிடித்து இழுத்து, மெல்லச் சொன்னார்: "அதைக் கழட்டிட்டுப் போயிடுப்பா. வண்டி ஓடாம அங்க நிக்கறது எனக்குப் பொறுக்கல. மத்தியானம் வா, அவ கடையில இருப்பா."

வண்டிக்குச் சொந்தக்காரரே சம்மதித்தாயிற்று! இதைவிட வேறென்ன வேண்டும் என்று தம்பி குதித்தான். எனக்கு மட்டும் மனசு உறுத்தியது. உறுத்திய மனசோடு, டார்ச் விளக்கைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். போகாமல் இருந்தேனா? இல்லையே!

பெரியவர் கதவைத் திறந்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். தம்பி வண்டிக்கடியில் சரிந்தான். ஒரு போல்ட், இரண்டு போல்ட் என்று தளர்ந்துகொண்டே வந்தன. அந்த நேரம் பார்த்துக் கடைப்பக்கத்துக் கதவு கிறீச்சிட்டது. நான் விளக்கை அணைத்துவிட்டு, காயப்போட்டிருந்த படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். தம்பி ஒளிய வேண்டியதில்லை. அவன்தான் வண்டிக்கடியில் இருக்கிறானே!

வந்தது அந்த அம்மா. செருப்பைக் கழற்றினார். ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தார். பிறகு வாயாலேயே, "ர்ர்ர்ர்ம்ம்ம்" என்றார்.

ஆமாம் ஐயா! அறுபதைத் தாண்டிய அம்மா வாயாலேயே வண்டி ஓட்டினார்!

சிரித்தது போதும், இனிமேல்தான் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து கியர்பெட்டி இன்றைக்கு உள்ளதுபோல் அடக்கமானதல்ல. இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். கிளட்சை ஒருமுறை மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். காலை எடுத்து, இன்ஜினின் வேகத்தைக் கணித்து, மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். இம்மியளவு பிசகினாலும் கடகடவென்று அலறித் தெருவையே கூட்டிவிடும். வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்த என் தம்பியின் முகத்துக்கு நேர் மேலே, அந்த கிளட்ச் கம்பி அசைந்தது. ஒருமுறை. இடைவெளி. மறுமுறை. கியர்க்கம்பி நழுவியது. மீண்டும் ஒருமுறை, இடைவெளி, மறுமுறை. வாயிலிருந்து வரும் இன்ஜின் சத்தமும் அதற்கேற்ப ஏறி இறங்கியது.

ஒருநாளும் அசையாமல் இருந்திராத என் தம்பி அசையாமல் கிடந்தான். பிறகு அடியிலிருந்து அவன் குரல் வந்தது.

"அம்மா, மூணுலேருந்து ரெண்டுக்கு இறக்கும்போது ஆக்ஸிலேட்டர் இன்னும் கொஞ்சம் குடுக்கணும்."

"ஐயோ!" என்று அந்த அம்மா கத்தியதில் விரிப்புக்குப் பின்னால் நானும் கத்திவிட்டேன். "யாருடா கீழ?"

"நான்தாம்மா. கியர்பெட்டியைக் கழட்ட வந்தேன்."

"திருட வந்தவன் பாடமா நடத்துற?"

வெளியே வந்தான். முகமெல்லாம் எண்ணெய். "இப்படி ரெண்டு தடவை மிதிக்க யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க? டிரைவிங் ஸ்கூல்லயா?"

"அங்க இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அங்க லைசென்ஸ் மட்டும்தான் வாங்கினேன். முப்பது வருஷம் இவர் பக்கத்துல உக்காந்து இவர் காலையே பாத்துட்டு இருந்தேன். ஒருநாள் தொட விட்டாரா? விடல." விரிப்பின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கண்ணு போனதுலேருந்து வாசலைத் தாண்டல தம்பி. யார் வண்டியிலயும் ஏற மாட்டேங்கறாரு. இந்த வண்டின்னா ஏறுவாரு. இதோட சத்தம் அவருக்குத் தெரியும். அதுக்காகத்தான் வச்சிருக்கேன்."

தம்பி மறுபடி அடியில் சரிந்தான். தளர்த்திய போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிவிட்டு வந்தான்.

அதோடு முடிந்ததா? அவனுக்கு எது முடிந்திருக்கிறது! அன்று முதல் அவன் நிற்கவில்லை, இருக்கவில்லை, இருந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கறுப்பு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். இன்ஜினை ஓட்டுவான், அணைப்பான், மறுபடி ஓட்டுவான். ஒருநாள் காலையில் என் கடைக்கு வந்து, தையல் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே சொன்னான்: "அக்கா, நம்ம இன்ஜினைக் கழட்டி அந்தம்மா வண்டிக்கு வைக்கப் போறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முடிக்கிறேன்னு சொன்னியே, இதுதான் முடிக்கிற லட்சணமா? கையில இருக்கறதையும் குடுத்துட்டு வெறும் கூட்டை வச்சு என்ன பண்ணுவ?"

"நம்ம வண்டி முடிஞ்சா நான் ஓட்டுவேன். அப்புறம்? நிறுத்திட்டு அடுத்ததுக்குப் போயிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா அக்கா? அந்தம்மா தினம் ஓட்டும்."

"அப்ப என் சிவப்புத் தோல் சீட்டு?"

"அதையும்…"

"இன்ஜின் உன்னுது, குடு. சீட்டு என்னுது. ஒரு நூல்கூடத் தர மாட்டேன்!"

தரவில்லை. இன்றுவரை தரவில்லை! அவை என் வீட்டுக் கூடத்தில் இருக்கின்றன. விருந்தாளிகள் உட்கார்ந்து, "எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று கேட்கிறார்கள். என்னை வள்ளல் என்று யாரும் எண்ணிவிடக் கூடாதல்லவா? அதற்காகத்தான் சொல்கிறேன்.

தம்பி இன்ஜினை மாற்றினான். மழைநீர் புகுந்த குழாய்களை மாற்றினான், வெடித்த டயர்களை மாற்றினான், பிரேக்கைப் பிரித்துப் பூட்டினான். பெரியவரோ நாற்காலியிலிருந்தே கத்திக்கொண்டிருந்தார்: "கழட்டிட்டுப் போடான்னா பூட்டிட்டு இருக்கியா? அவ ஓட்டற வண்டில நான் ஏறவே மாட்டேன்!"

ஒரு காலைப்பொழுது, இன்ஜின் உயிர்பெற்றது. கொட்டகையின் தகரமெல்லாம் அதிர்ந்தது. உள்ளே பெரியவரின் கத்தல் நின்றது. சுவரைத் தடவிக்கொண்டு, வாசல்படியைக் காலால் தேடிக்கொண்டு, மனிதர் வெளியே வந்தார். பின்கதவின் கைப்பிடியைத் துழாவினார்.

"முன்னாடி வாங்க" என்றார் அந்த அம்மா. "நான் முப்பது வருஷம் உக்காந்த இடத்துல."

ஏறினார். பின்னிருக்கையில், கிழிசலுக்கு மேல் சலவை விரிப்பைப் போட்டு நான் உட்கார்ந்தேன். ஸ்பிரிங் குத்தும்போதெல்லாம் என் சிவப்புத் தோல் நினைவுக்கு வந்தது; பேசாமல் இருந்தேன். தம்பியை ஏறச் சொன்னோம். அவனால் உட்கார முடியுமா? வண்டியோடு கூடவே ஓடி வந்தான், சக்கரத்தைப் பார்த்தபடி! தெருமுனையில்தான் பின்தங்கினான்.

பெரியவர் ஓயவில்லை. "கிளட்ச்! கிளட்ச்! லாரி வருது பாரு! என்ன ஹார்ன் அடிக்க மாட்டியா?" எதிரே மேடு வந்தது. "மேடு ஏறுது, எனக்குத் தெரியுது! இன்னும் ஏன் மாத்தாம இருக்க? திணறப்போகுது, மாத்து!"

"மாத்திட்டேங்க."

"எப்ப?"

"நீங்க கத்திட்டு இருந்தப்ப."

வண்டி மேட்டின் உச்சியை அடைந்தது. காற்று இரண்டு பக்கமும் சன்னலில் புகுந்தது. கொஞ்சதூரம் போனபிறகு, பெரியவர் ரொம்பத் தணிந்த குரலில் கேட்டார்: "இன்னொரு தடவை மாத்து. கேக்கறேன்."

மாற்றினார். சத்தமே இல்லை.

அப்போது அந்த மனிதர் கையை நீட்டினார். காற்றில் தேடி, கியர்த் தண்டின்மேல் இருந்த மனைவியின் கையைக் கண்டுபிடித்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். காதுக்கு எட்டாததைக் கையால் கேட்டார். வீடு திரும்பும்வரை எடுக்கவில்லை.

தோழர்களே! தம்பி முதன்முதலாக முடித்த வண்டி அது! அவனுடையதல்லாத வண்டி! முடித்ததும் நிம்மதியாகத் தூங்கினானா என்று முன்வரிசையில் கேட்கிறீர்கள். எங்கே தூங்கினான்? மறுநாளே கறுப்பு வண்டிக்கு இன்ஜினும் கியர்பெட்டியும் தேடப் புறப்பட்டுவிட்டான். அவன் மனைவி முதலில் முறைத்தாள். அடுத்த வாரம் அந்த அம்மாவின் வண்டியில் பின்னிருக்கையில் ஏறி ஊரைச் சுற்றிவிட்டு வந்து, "சரி, நட்டு மட்டும் உள்ள வரலாம்" என்றாள்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். முடித்துவிடுகிறேன் அண்ணா!

உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் அலமாரியில் எண்ணெய்த்துணி சுற்றி என்ன உறங்குகிறது? யாருடைய வண்டிக்கான சக்கரம்? யாருடைய வண்டிக்கான விளக்கு? பூட்டவும் மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம், இருக்கிறது என்று சொல்லவும் மாட்டோம் என்றால், நமக்கும் துருவுக்கும் என்ன வித்தியாசம்? அதுவும் இரும்பைத் தின்கிறது, நாமும் தின்கிறோம்! ஓடப் பிறந்ததை ஓடவிடுங்கள்! உருளப் பிறந்ததை உருளவிடுங்கள்! இந்தக் கூட்டம் கலையும்போது, ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம், கொட்டகையில் இருக்கும் ஒரே ஒரு பொருளின் பெயரையாவது வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். யாருடைய மேடு அதற்காகக் காத்திருக்கிறதோ, யார் கண்டார்!

பேசவிட்ட தலைவருக்கும், பொறுத்திருந்த தாய்மார்களுக்கும், இருப்புக்கொள்ளாமல் நெளிந்தபடியே கடைசிவரை இருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி, உங்கள் வண்டிகளெல்லாம் ஒரே தடவையில் கிளம்ப வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்!